ஓடைப் பாலத்துத் தட்டி

தங்கவயல்,
1903 ஜூன் 8

அண்ணன் சம்பங்கிக்குத் தங்கை வெங்கடம்மா கைகூப்பி எழுதிக்கொள்வது. நான் வாயால் சொல்ல, மிஷன் பள்ளி வாத்தியாரம்மா ஜெயசீலி எழுதுகிறார். நான் சுகம். நீயும் ரத்தினம்மா அண்ணியும் சுகமா? அண்ணியின் இடுப்பு வலி இப்போது எப்படி?

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல, “புறப்பட்டு வா, வீட்டோடு இரு” என்று எழுதியிருக்கிறாய். அவர் போய் இரண்டு வருஷமாகியும் இதே பாட்டு. அண்ணா, நான் இங்கே பசியோடு இல்லை. என் கூழுக்கு ஆள் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் நல்ல கேழ்வரகு வருகிறது.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். எங்கள் லைன் குடிசைகளுக்கும் சுரங்கத்து ஷாஃப்டுக்கும் நடுவில் ஓடுகிற ஓடையின்மேல் இரண்டு பனைமரம் போட்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். போன வாரத்து மழையில் இரண்டும் போய்விட்டன. ஆம்பளைகள் இடுப்பளவு தண்ணியில் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். எங்கள் துரை ஹரோல்ட் கேப்டன் சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுத்துக் கழற்றிய மரம், பழைய தகரம் எல்லாம் தருகிறாராம். தச்சு வேலைக்கு ஆள்தான் இல்லை. உலகத்துக்கெல்லாம் கதவு செய்கிறாய், தங்கை இருக்கிற ஊருக்கு ஒரு பாலம் செய்யக்கூடாதா? அவ்வளவுதான் விஷயம். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெங்கடம்மா

சம்பங்கி அண்ணாவுக்கு ஜெயசீலி ஸ்தோத்திரம். “நான் பேச்சை நிறுத்தி நேரமாச்சே, இன்னும் இன்னா எழுதற?” என்று கேட்கிறாள். விலாசம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். காலை ஷிப்டு ஆட்கள் கீழே இறங்கப் போகும்போது தாலியில்லாதவள் எதிரே வந்தால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதுவும் ஷாஃப்டிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் கூழ்ப்பானையோடு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாள். கடைசி ஆள் தாண்டிய பிறகு போய், ராத்திரி ஷிப்டு முடிந்து மேலே வருகிறவர்களுக்கு ஊற்றுகிறாள். இறங்கும்போது ஆகாத முகம் ஏறி வந்தபிறகு ஆகிறது! போன வாரம் கொட்டுகிற மழையில் அப்படி நின்று காய்ச்சலில் படுத்துவிட்டாள். உங்களுக்குத் தெரிந்தால் அழைத்துப் போய்விடுவீர்கள் என்று பயம். நீங்கள் தச்சர் என்பதால் எழுதுகிறேன்.


குடியாத்தம்,
சோபகிருது வருஷம் ஆனி மாசம்

தங்கை வெங்கடம்மாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணியின் இடுப்பு வலி என்னைத் திட்டுவதற்குத் தடையாக இல்லை.

பாலம் போடுகிறேன். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு ரயில் ஏறுகிறேன். மரத்தைக் கழுவி நிழலில் அடுக்கி வைக்கச் சொல். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். பாலத்தை முடித்துத் திரும்பும்போது உன்னையும் கூட்டி வருவதாக இருக்கிறேன். உன் பிடிவாதத்தை அங்கே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

சம்பங்கி

வாத்தியாரம்மாவுக்கு: இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நனையாமல் நிற்க நான் ஒரு வழி செய்கிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.


தங்கவயல்,
1903 ஆகஸ்ட் 20

அண்ணனுக்கு வெங்கடம்மா வணக்கம். சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? நான் வரமாட்டேன் என்றதில் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் ஏறியது கண்ணிலேயே நிற்கிறது.

பாலத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. இந்தப் பக்கத்தில் கூரை போட்ட பாலத்தை யாரும் பார்த்ததில்லை. கேப்டன் உன்னிடம், “பாலத்துக்கு ஏன் கூரை? அது தூங்கப் போகிறதா?” என்று கேட்டாரே, இப்போது அவரே மழை வந்தால் அதற்குள் போய் நின்று சுருட்டுக் குடிக்கிறார். மரம் நனையாமல் இருந்தால்தான் நாள்பட நிற்கும் என்று நீ சொன்னதைக் காலை ஷிப்டு வேலு மேஸ்திரி தானே கண்டுபிடித்தது போல எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். லைன் பக்கத்து ஆடுகளும் ராத்திரியில் அங்கேதான் படுக்கின்றன. விடியற்காலையில் அவற்றை எழுப்பிவிட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பாலத்தின் வாசலிலேயே பக்கவாட்டில் எனக்காக ஒரு சின்ன இடம் தள்ளிக் கட்டி, முன்னால் மூங்கில் தட்டி வைத்தாயே, அதற்கு ரொம்ப நன்றி. ஷிப்டு தாண்டும்வரை உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு சொட்டு மேலே படுவதில்லை, கூழும் ஆறுவதில்லை. எனக்கென்று இவ்வளவு யோசித்துச் செய்ய உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ரொம்ப நன்றி அண்ணா. அண்ணிக்கு என் அன்பு.

வெங்கடம்மா

ஜெயசீலி எழுதுவது: நன்றியை மறக்காமல் போடு, மறக்காமல் போடு என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். உங்களை அவள் மனதாரக் கொண்டாடுகிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நேற்று நானும் அவளோடு தட்டிக்குப் பின்னால் உட்காரப் போனேன். “நீ வெளிய இரு. உனுக்குத்தான் புருசன் இருக்கானே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.


குடியாத்தம்,
ஆவணி மாசம்

வெங்கடம்மாவுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் சுகம். அண்ணி உனக்கு வடகம் போட்டு வைத்திருக்கிறாள். தெரிந்த ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

பாலத்தை எல்லாரும் மெச்சுகிறார்கள் என்று கேட்டு, உண்மையைச் சொன்னால், தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடக்கிறேன். ஆனால் ஒன்று மனதை அரிக்கிறது. லைன் பக்கத்துக் கரை வெறும் களிமண். அங்கே தூணுக்கு அடியில் கல் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். சீக்கிரம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவசரப்படுத்தினார்கள், நானும் விட்டுவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கல் வைக்கச் சொல்லி வேலு மேஸ்திரியிடம் நான் சொன்னதாகச் சொல்.

தீபாவளி கழித்து உன்னை அழைத்துப் போக வருகிறேன். பாலம் கட்டிக் கொடுத்தது நீ அங்கேயே வேர் விடுவதற்காக இல்லை.

சம்பங்கி


தங்கவயல்,
1903 செப்டம்பர் 27

அண்ணனுக்கு வெங்கடம்மா வணக்கம். இங்கே நான் சுகம். வடகம் வந்தது, பாதியை வாத்தியாரம்மா வீட்டார் தின்றுவிட்டார்கள். இதை எழுதமாட்டேன் என்று அடம் பிடித்தார். நான் விடவில்லை.

கல் வைக்கச் சொல்லி நான் நேராக மேஸ்திரியிடம் போய்ப் பேச முடியாது, அது உனக்கே தெரியும். வாத்தியாரம்மாவின் வீட்டுக்காரர் மூலமாகச் சொன்னேன். “ஆவட்டும், பாக்கலாம்” என்றாராம். கேப்டன் தினம் இவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று உயிரை வாங்குகிறார், மேஸ்திரிக்கு நிற்க நேரமில்லை.

நீ அழைத்துப் போவதைப் பற்றி: அண்ணா, கோபப்படாமல் கேள். அங்கே வந்தால் நான் உன் தங்கை, தாலியறுத்து வீட்டோடு வந்தவள். மூன்று வேளையும் அண்ணி கையால் நல்ல சோறு கிடைக்கும், குறையே இருக்காது. இங்கே நான் கூழ்க்காரி. ராத்திரி ஷிப்டு ஆட்கள் மேலே ஏற்றிவரும் கேஜை விட்டு வெளியே வந்ததும் தலையெல்லாம் மண்ணோடு என்னைத் தேடுகிறார்கள். என்னை ஒருத்தர் தேடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

வெங்கடம்மா


குடியாத்தம்,
ஐப்பசி மாசம்

வெங்கடம்மாவுக்கு அண்ணன் எழுதுவது. உடம்பு சுகம்தான், மனசு சுகமில்லை.

நம் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போன ஒருவன் தீபாவளிக்கு வந்திருந்தான். நான் வைத்த தட்டிக்கு ‘வெங்கடம்மா கூண்டு’ என்று பேர் வைத்திருக்கிறார்களாமே. அதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிரித்தபடியே என் வீட்டில் அதிரசமும் தின்றான். நீ எனக்கு எழுதியதெல்லாம் ஆடும் சுருட்டும்தான்.

மழை விட்டதும் வருகிறேன். இந்தத் தடவை உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

சம்பங்கி


தங்கவயல்,
1903 நவம்பர் 6

அண்ணனுக்கு வெங்கடம்மா வணக்கம். நான் சுகம். இங்கே நல்ல மழை. அவசரப்பட்டு வர வேண்டாம், ரயில் பாதையெல்லாம் தண்ணியாம். பாலம் நன்றாக இருக்கிறது. சின்னச் சின்ன ரிப்பேர், அதை இங்கேயே பார்த்துக்கொள்வார்கள். கூண்டு என்று சொல்வதெல்லாம் விளையாட்டுக்கு, நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. அண்ணிக்கு அன்பு.

வெங்கடம்மா

அண்ணா, இனி எழுதுவது ஜெயசீலி. மேலே அவள் சொன்னதில் அவள் சுகம் என்பதும் மழை என்பதும் மட்டும்தான் நிஜம். பாலத்தில் லைன் பக்கத்துப் பாதி விழுந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். “எங்கண்ணன் கட்னது வியுந்துட்ச்சின்னு எழுதாதே, அது தாங்காது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாமல் போனால் நான் பாவியாவேன்.

திங்கட்கிழமை விடியற்காலை. இரவு முழுக்க மழை கொட்டி ஓடை கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. இவள் வழக்கம்போல முன்னாலேயே போய்த் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஆவி போகட்டும் என்று பானையின் மூடியைத் திறந்தாளாம். கூழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! பானையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் கூழ் ஓடைப் பக்கமாகவே சாய்ந்தது. பானையின்மேல் குற்றமில்லை, தரைதான் சரிகிறது என்று அப்போது புரிந்தது. அடியில் தூண் களிமண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. காலை ஷிப்டு மொத்தமும் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறது. வராதீங்க, வராதீங்க என்று தட்டிக்குள்ளிருந்து கத்தினாள். தகரக் கூரையின்மேல் விழுகிற மழையில் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும், நேரமாகிவிட்ட ஷிப்டை ஒரு கூழ்க்காரி நிறுத்த முடியுமா?

தட்டியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். பாலத்து வாசலில், வருகிறவர்களுக்கு நேர் எதிரே, முக்காட்டை எடுத்துவிட்டு இரண்டு கையையும் விரித்து நின்றாள். நான் என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். மழையிலேயே ஓடி வந்தேன்.

முன்னால் வந்த வேலு மேஸ்திரி பாம்பை மிதித்தவர் போலத் துள்ளி நின்றார். “இன்னாமே இது! விடியக்காத்தால எதிர்ல வந்து நிக்கற? எங்கள சாவடிக்கப் பாக்கறியா?”

“ஆமா, நான்தான். ஷாஃப்டுல போன பெருமாளோட பொண்டாட்டி. நல்லா பாத்துக்குங்க என் மூஞ்சிய. பாத்தாச்சில்ல? திரும்பிப் போங்க!”

அவர் காறித் துப்பினார். பின்னாலிருந்து யாரோ சேற்றை அள்ளி எறிந்தார்கள், அது அவள் தோளில் பட்டது. அவள் நகரவில்லை. ஆனால் அண்ணா, ஒருத்தர்கூட ஒரு அடி முன்னே எடுத்து வைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பலாம் என்று திரும்பிக்கொண்டே இருந்தார்கள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் மரம் முறிகிற பெரிய சத்தம். அவள் முன்னால் பாய்ந்து விழுந்தாள். அவள் உட்காருகிற இடமும் தூணும் கூரையும் ஒன்றாக ஓடைக்குள் போயின.

அவள் மறித்திராவிட்டால் அவ்வளவு பேரும் அதன்மேல் ஏறியிருப்பார்கள். வேலு மேஸ்திரி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். இவள் எழுந்து தோளைத் துடைத்துக்கொண்டு ஓடையை எட்டிப் பார்த்தாள். “கூழு போச்சே, பானையோட” என்றாள்.

எச்சரிக்கைக்கு நிற்காதவர்கள் அவள் முகத்துக்கு நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு நிற்பதற்கு எவ்வளவு வேண்டும்! அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். நான் சாகும்வரை அவளுக்குக் கடன்பட்டவள்.


குடியாத்தம்,
கார்த்திகை மாசம்

வாத்தியாரம்மா அவர்களுக்கு சம்பங்கி வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன், பிறகு உள்ளே போக முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல் இல்லாமல் தூணை நட்டவன் நான். தங்கையை மறைக்கத் தட்டி வைத்தவனும் நான். அதை அன்பென்று நினைத்தேன். அவளும் அன்பென்றே எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளை ரயிலில் வருகிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வாள்.

சம்பங்கி


தங்கவயல்,
மார்கழி மாசம்

சௌபாக்கியவதி ரத்தினம்மாவுக்கு ஆசீர்வாதம். நான் சுகம், உன் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள். இதைப் படித்துச் சொல்கிற தபால்காரர் ஐயாவுக்கு வணக்கம், தயவுசெய்து நிதானமாகப் படிக்கவும்.

நான் கல் கொத்தும் ஆளைத் தேடிக்கொண்டு வந்தால், இங்கே ஓடைக்கரையில் கல் ஏற்கெனவே மலையாகக் கிடக்கிறது. ஷிப்டு முடிந்து மேலே வருகிற ஒவ்வொருவனும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு கல்லைத் தூக்கிவந்து போட்டுவிட்டுத்தான் போகிறான். யாரும் உத்தரவு போடவில்லையாம். வெங்கடம்மாவின் பானை போனதற்கு லைனில் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். அவள் குடிசையில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை, அவ்வளவு மூட்டை. வேலு மேஸ்திரியின் பெண்சாதி அழுதுகொண்டே புதுப் பானை கொண்டுவந்தாளாம். இவளோ அதைத் தட்டிப் பார்த்து, “ஓட்ட இல்லியே?” என்று கேட்டிருக்கிறாள்.

“வியுந்தத ஏன் மறச்ச?” என்று கேட்டேன். “நீ தெருவுல நிமிந்து நடக்கறன்னு எழுதினியே, அத்த எதுக்குக் கெடுக்கணும்னுதான்” என்றாள். ரத்தினம், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

தூணுக்குக் கல் கட்டி முடித்து, அவள் உட்காருகிற இடத்தை மறுபடி எழுப்பினேன். மழைக்கு ஒதுங்க அது வேண்டும் அல்லவா? பழக்கத்தில் மூங்கிலையும் பிளந்து வைத்திருந்தேன். வேலு மேஸ்திரி வந்து பார்த்தார். அவருக்கு என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மூங்கிலைச் சுருட்டித் தூக்கிக்கொண்டார். “தட்டி வாணாம், சம்பங்கி. ஒக்கார பலக போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் அதை அவரே ஒடித்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டாராம்.

பாலம் முடிந்துவிட்டது. நாளைக்குக் கிளம்புகிறேன். தனியாகத்தான் வருகிறேன். அவளைக் கூப்பிடவே இல்லை.

சம்பங்கி


தங்கவயல்,
1904 ஜனவரி 18

அண்ணனுக்கு வெங்கடம்மா வணக்கம். நீயும் அண்ணியும் பொங்கலை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். இங்கே வீட்டுக்கு வீடு பொங்கல் வந்து என் வயிறு உப்பிவிட்டது.

கேப்டன் பண்டிகை கழித்து இன்றுதான் பாலத்தைத் திறந்துவிட்டார். காலையில் நான் நீ போட்ட பலகையில் பானையை வைத்து உட்கார்ந்திருந்தேன். ஷிப்டு வந்தது. வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள், ஒருவரும் ஏறவில்லை. மறுபடியும் பழைய கதைதானோ என்று எழுந்து மறைய இடம் தேடினேன். மறைய ஒன்றும் இல்லை.

வேலு மேஸ்திரி, “நீ மொதல்ல போம்மா. உன் பின்னால நாங்க வர்றோம்” என்றார். இனிமேல் தினமும் நான் முன்னே நடந்தால்தான் இறங்குவது என்று பேசி வைத்திருக்கிறார்களாம்.

அண்ணா, எனக்கு அப்போது அழுகை வந்தது. ஆனால் பயமும் வந்தது. நாளைக்கு உள்ளே ஒருவனுக்கு ஏதாவது ஆனால்? என் வீட்டுக்காரர் அன்று எந்த முகத்தில் விழித்துவிட்டுப் போனார்? என் முகத்தில்தானே, அப்போது தாலியோடு இருந்தேன். அதனால் சொல்லிவிட்டேன். “நான் நல்ல சகுனமும் இல்ல, கெட்ட சகுனமும் இல்ல. கூழுக்காரி. நடுவுல வர்றேன், எல்லாரும் நடங்க.”

மேஸ்திரி முதலில் காலெடுத்து வைத்தார். மற்றவர்களும் நடந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் நடந்தேன். முன்னாலும் முதுகு, பின்னாலும் ஆள். ஒருவன் என் காலை மிதித்துவிட்டான். நீ கட்டிய பாலத்துக்குள் அத்தனை காலடிச் சத்தமும் சேர்ந்து கேட்டபோது உன்னை நினைத்துக்கொண்டேன். என்னைக் கூப்பிடாமல் திரும்பிப் போனாயே, அதற்கும் சேர்த்து உனக்கு நன்றி.

அந்தப் பக்கம் போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கேஜுக்கு ஏறப் போனவர்களில் வேலு மேஸ்திரி மட்டும் திரும்பி வந்தார். இறங்கப் போகிற ஆள் யாரும் இதுவரை என் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை. தூக்குப் போணியின் மூடியைக் கழற்றி நீட்டினார். ஊற்றினேன். நின்றபடியே குடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“உப்பு கம்மி” என்றார். போய்க் கேஜில் ஏறிக்கொண்டார்.

சாயந்திரம் எல்லாரும் மேலே வரும்வரை நான் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணியை நான் கேட்டதாகச் சொல். மாவு கரைக்க நேரமாகிவிட்டது, நாளைக்கு உப்பு கூடப் போட வேண்டும்.

வெங்கடம்மா